செசானின் வடக்கு யன்னலை ஒட்டுசுட்டானில் அப்படியே வைக்கலாமா?

கேள்வி: ஒட்டுசுட்டானில் அரை ஏக்கர் காணி இருக்கிறது. பிரான்சில் ஓவியர் செசான் கட்டிய வேலைக்கூடம் போல, வடக்குப் பார்த்த பெரிய யன்னலோடு ஒரு சின்ன ஓவியக்கூடம் கட்ட ஆசை. சரிவருமா?

சரிவரும். ஆனால் படத்தைப் பார்த்து அப்படியே வைத்தீர்களென்றால் வைகாசி, ஆனியில் (மே, யூனில்) வெயில் நேராக உங்கள் கன்வஸில் வந்து விழும்.

செசான் 1901இல் காணி வாங்கி, 1902இல் எக்ஸ் நகருக்கு வெளியே லோவ் மேட்டில் அந்தக் கூடத்தைக் கட்டி முடித்தார். 1906இல் சாகும்வரை வேலை செய்தது அங்கேதான். அந்த ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 43 பாகைக்கு மேல். மத்தியானச் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கில்தான் நிற்கும். அதனால் வடக்கு யன்னலால் வருவது பெரும்பாலும் வானத்து வெளிச்சம்தான். காலையில் தொட்ட நிறம் பின்னேரமும் அதே நிறமாக இருக்கும். ஐரோப்பிய ஓவியர்கள் வடக்கு யன்னலைத் தேடியதற்குக் காரணம் இதுதான்.

ஒட்டுசுட்டான் இருக்கும் வன்னி 9 பாகையில் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பை அண்டிய நாட்களில் சூரியன் எங்கள் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே போய்விடும். திரும்பி உச்சிக்கு வர ஆவணி (ஓகஸ்ட்) கடைசியாகும். நாலரை மாதம் மத்தியானச் சூரியன் உங்கள் வடக்கு யன்னல் பக்கம். ஆனாலும் மத்தியானம் பெரிய கரைச்சல் இல்லை, சூரியன் உயரத்தில் நிற்கும், சின்ன நிழல்தட்டே தடுத்துவிடும். கரைச்சல் காலையிலும் பின்னேரத்திலும்தான். ஆனியில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கிறது. அந்தச் சரிந்த வெயில் யன்னலால் நேரே உள்ளே வரும்.

அதற்காக வடக்கு யன்னலைக் கைவிடச் சொல்லவில்லை. தெற்கு, மேற்கு இரண்டும் இதைவிட மோசம். அளவைச் சரியாகப் பிடியுங்கள். 12 அடிக்கு 14 அடி அறையென்றால் யன்னல் 5 அடி அகலம், 6 அடி உயரம். அடிவிளிம்பு தரையிலிருந்து மூன்றரை அடியில் தொடங்கட்டும். இதைவிடத் தாழ்ந்தால் எண்ணெய் வர்ணத்தில் பளபளப்பு அடித்து, வைத்த நிறமே தெரியாது. யன்னலின் மேல்விளிம்பு மட்டத்தில் 4 அடி நீட்டி ஒரு நிழல்தட்டு போட்டால், ஆனியிலும் காலை எட்டரை முதல் பின்னேரம் நாலு மணி வரை வெயில் உள்ளே வராது. மிச்ச நேரத்துக்கு யன்னலின் இரு பக்கமும் இரண்டேகால் அடி வெளியே நீட்டிய சிறகுச் சுவர் வேண்டும். கல்லுக் கட்டக் காசில்லையென்றால் கிடுகுத் தட்டியும் போதும். கிழக்குச் சிறகு கார்த்திகை, மார்கழி வாடைச் சாரலையும் கொஞ்சம் தடுக்கும்.

மேசன்மார் வழமையாகப் பிழைவிடும் இடம் கூரை. சரிவை வடக்கே இறக்கினால் தாழ்வாரம் யன்னலை மூடி வானத்தை மறைத்துவிடும். சரிவு கிழக்கும் மேற்குமாக இறங்கட்டும். வடக்கில் முக்கோணச் சுவர் நிற்கட்டும். பிரெஞ்சு ஓவியர் மொனே 1914க்குப் பிறகு நோர்மண்டியின் ஜிவேர்னியில் அல்லிக்குளப் படங்களுக்காகக் கட்டிய கூடம் போல மேலே கண்ணாடி வைக்க நினைக்காதீர்கள். நோர்மண்டிக் குளிருக்கு அது சரி. இங்கே உள்ளே அவியும், மாரியில் ஒழுகும்.

யன்னலுக்கு முன்னால் செம்மண் முற்றம் இருந்தால் உள்ளே வரும் வெளிச்சமே சிவக்கும். அந்த வெளிச்சத்தில் சரிபார்த்த நீலம், வேறு வீட்டுச் சுவரில் பச்சையடித்துத் தெரியும். முன்னால் 10 அடிக்கு, மூன்று அங்குலத் தடிப்பில் கருங்கல் சல்லி பரப்புங்கள். உள்சுவருக்குச் செசான் செய்தது போலச் சாம்பல் நிறம். வெள்ளை வர்ணத்தில் கறுப்பைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, ஒரு துண்டில் பூசிக் காயவிட்டு, பக்கத்தில் வெள்ளைத்தாளைப் பிடித்துப் பாருங்கள். நீலமோ மண்ணிறமோ எட்டிப் பார்த்தால் திரும்பக் கலக்க வேண்டும்.

செசானின் வேலை அறையில் யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு ஒடுங்கிய நெடும்பிளவு இருக்கிறது. குளிக்கும் பெண்களை வரைந்த பெரிய படங்களை இறக்குவதற்காக விட்டது. அந்த அறை மேல்மாடியில் இருந்ததால் அது தேவைப்பட்டது. உங்களுடையது நிலத்தில் நிற்கிறது. தெற்கு விறாந்தைப் பக்கம் 5 அடி அகலம், 8 அடி உயரத்தில் இரட்டைக் கதவு போதும்.

மண்சுவர் என்றால் இன்னும் நல்லது, உள்ளே குளிரும். அமெரிக்க ஓவியர் ஜோர்ஜியா ஓ'கீஃப் 1945இல் நியூ மெக்சிகோவின் அபிகியூவில் வாங்கியது இடிந்த மண்வீடு. திருத்தி முடிக்க 1949 ஆனது. ஆனால் அது வறண்ட நாடு. எங்களுக்கு ஆயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை, அதில் பெரும்பகுதி சில மாதங்களுக்குள் கொட்டும். அடியில் 2 அடி சீமெந்துக் கல்லுக் கட்டு, சுற்றி 3 அடி இறவாரம், புரட்டாதிக்குள் வருடாவருடம் பூச்சு. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மண்சுவர் வேண்டாம்.

கறையானைப் பற்றி யாரும் சொல்வதில்லை. சட்டத்தை சுவரில் சாத்தி வைத்தால் மரத்தின் உள்ளால் தின்னும். வெளியே ஒரு கீறலும் தெரியாது. விரலால் அமத்தும்போதுதான் பொறுக்குப் போல உடையும். படங்களைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி இரும்புத் தாங்கியில் நிமிர்த்தி வையுங்கள். தாங்கியின் கால்களில் மண்கோடு ஏறுகிறதா என்று கிழமைக்கொருக்கால் பாருங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். காணி துப்பரவாக்குகிறோம் என்று டோசர் விட்டு, அறுபது வருடப் பாலையையும் முதிரையையும் அரை நாளில் சாய்த்துவிட்டு, பிறகு வெக்கை என்று காத்தாடி வாங்குகிறார்கள். வன்னி முழுக்க இதுதான் நடக்கிறது, பார்க்க வயிறு எரிகிறது. எங்கள் நாட்டு ஓவியர், சிற்பி லக்கி சேனநாயக்க தம்புள்ளையில், இதே வரண்ட வலயத்தில், மரங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே திறந்த வீட்டில் இருந்துதான் வரைந்தார், சிலை செய்தார். கட்டடக்காரர் சிலர் மரம் வேரோடி அத்திவாரத்தை வெடிக்க வைக்கும் என்பார்கள். 20 அடி தள்ளிக் கட்டினால் அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. மேற்கே நிற்கும் மரம் கச்சான் காற்றின் புழுதியையும் பிடிக்கும். ஈர வர்ணத்தில் அந்தப் புழுதி ஒட்டினால் எடுக்கவே முடியாது.

அத்திவாரம் வெட்ட முதல் வடக்குச் சுவர் வரும் இடத்தில் கயிறு கட்டி, நடுவில் ஒரு தடியை நட்டு, ஆனி (யூன்) 21ஐ அண்டிய ஒரு நாளில் காலை ஏழு மணிக்கும் மத்தியானமும் பின்னேரம் ஐந்து மணிக்கும் நிழலைக் குறியுங்கள். மேசனை ஒருக்கால் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். காலை நிழலும் பின்னேர நிழலும் தெற்குப் பக்கமாகச் சரிந்து விழுவதைக் கண்ணால் கண்டால்தான் சிறகுச் சுவர் ஏன் என்று அவர் கேட்கமாட்டார்.