ஊத்தங்கரைக் கிணற்றில் மினுக்குவது வெள்ளியா?

கேள்வி: ஊத்தங்கரை பக்கம் எங்கள் பட்டா நிலத்தில் கிணறு வெட்டும்போது முக்கால் அடி அகலத்தில் ஒரு வெங்கச்சாங்கல் பட்டை வந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ பளபளக்கிறது. ஒரு புரோக்கர் வெள்ளி என்று அடித்துச் சொல்கிறார். தொடர்ந்து தோண்டிப் பார்க்கலாமா?

பதில்: முதல் வேலையாக, அந்தப் புரோக்கர் நீட்டும் எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கனிம வெள்ளி பளபளப்பது அபூர்வம். மண்ணுக்குள் தனியாகக் கிடைத்தாலும் பெட்டியில் கிடக்கும் பழைய கொலுசு மாதிரி கறுத்துத்தான் இருக்கும்.

அரூர், ஊத்தங்கரை வட்டாரத்து வெங்கச்சாங்கல் பட்டைகளில் மாலிப்டினைட் (மாலிப்டினம் என்ற உலோகத்தின் தாது) இருப்பது இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் (ஜிஎஸ்ஐ) ஏற்கெனவே ஆராய்ந்த விஷயம், அதனால் என் முதல் சந்தேகம் அதன் மேல்தான். நகத்தால் கீறினால் விழும், ஏடு ஏடாகப் பிரியும், பேப்பரில் பென்சில் மாதிரி கோடு போடும். அதே பட்டைகளில் காலினாவும் கொஞ்சம் வரும். அது ஈயமும் கந்தகமும் சேர்ந்த தாது, தட்டினால் குட்டிக் குட்டிச் சதுரக் கட்டிகளாக உடையும், கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும் (வெங்கச்சாங்கல்லைவிட மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு). ஏடு பிரிந்தும் எடையே இல்லை என்றால் வெறும் காக்காப்பொன் (மைக்கா).

காலினா என்றால் விஷயம் கொஞ்சம் சுவாரசியம், ஏனென்றால் வெள்ளி பெரும்பாலும் அதற்குள்தான் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். ராஜஸ்தானில் எடுக்கும் வெள்ளிகூட ஈய, துத்தநாகச் சுரங்கங்களின் துணைப்பொருள்தான். ஆனால் பட்டறையில் கொடுத்து உருக்கிப் பார்க்காதீர்கள். வெள்ளையாக ஒரு மணி உருண்டு வரும், அது ஈயம். எல்லோரும் வெள்ளி என்று கை தட்டுவார்கள், புகையை மூச்சில் வாங்கியவருக்குத்தான் கேடு.

சரி, லேபுக்கு எதை அனுப்புவது? மினுக்கும் துண்டுகளை மட்டும் பொறுக்கி அனுப்பினால் ரிப்போர்ட் அமர்க்களமாக வரும், அதை நம்பித்தான் பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். ஏற்கெனவே வெட்டிய கிணற்றுச் சுவரில் பட்டையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே ஆழத்தில், மங்கிய பகுதியையும் விடாமல், இரண்டு மூன்று கிலோ கொத்தி எடுங்கள். இருபுறமும் உள்ள பாறையைத் தனித்தனிப் பையில் போடுங்கள். பட்டை எந்தத் திசையில் ஓடுகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் டன்னுக்கு 100 கிராம் வெள்ளி என்று வந்தால்கூடத் துள்ள வேண்டாம். பட்டை 100 மீட்டர் நீளம், 50 மீட்டர் ஆழம் போகிறது என்றே வைத்துக்கொள்வோம், 23 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுமார் 3,100 டன் கல், அதில் 310 கிலோ வெள்ளி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆள் நின்று வேலை செய்யக் குறைந்தது ஒரு மீட்டர் அகலமாவது உடைக்க வேண்டுமே? வெற்றுப் பாறையும் கலந்து, டன்னுக்கு 23 கிராமாக இறங்கிவிடும்.

அப்புறம் சட்டம். 1957 கனிமச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தாதுவைத் தேடித் தோண்டுவதே குற்றம், பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் சரி. வெள்ளி போன்றவற்றைத் தேடுவதற்கென்று 2023-ல் வந்த தனி உரிமமும் ஏலத்தில்தான். மாதிரியோடு மாவட்டக் கனிமவள அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கிணறு தண்ணீருக்கு என்றால் வேலையைத் தொடருங்கள், குடிக்கும் முன் அந்தத் தண்ணீரில் ஈயம் இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் சோதித்துவிடுங்கள்.