சின்ன வீட்டுக்குள் கணபதி ஹோமம் வளர்க்கப் போகிறோம், தீ விபத்து வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வியைப் பார்த்தால் உங்களுடையதும் அடுக்குமாடி வீடு, பத்துக்குப் பன்னிரண்டு ஹால், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று சொல்ல ஒரு பெரியவர், இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. மதுரை பைபாஸ் ரோட்டுப் பக்கம் நாங்கள் குடிபோனபோதும் இதே கதைதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சாமி கும்பிடாதவன் இல்லை. ஹோமம் வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. "நம்ம தாத்தா காலத்துல இதையெல்லாம் பார்த்தாங்களா" என்று கீழே எழுதக் கை பரபரக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: தாத்தா ஹோமம் வளர்த்தது முற்றத்தில். மேலே வானம். நமக்கு மேலே பத்தடியில் கான்கிரீட், அதிலே ஃபேன், பக்கத்திலேயே திரைச்சீலை.

எங்கள் வீட்டில் அந்தப் பெரியவர் என் பெரியப்பா. ஒரு வாளியில் மணல், இன்னொன்றில் தண்ணீர், பிழிந்த ஈரச்சாக்கு என்று நான் எடுத்து வைத்ததைப் பார்த்துவிட்டு, "என்னடா, ஹோமம் பண்றியா, ஃபயர் சர்வீஸ் நடத்துறியா?" என்றார். சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் எரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்ததைச் சொன்னேன். "அது கோயிலு, இது வீடு" என்றார். அதற்கு மேல் என்ன பேச முடியும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குண்டத்தை நேராக டைல்ஸ் மேல் வைக்காதீர்கள். சூட்டில் டைல்ஸ் விரிசல் விடும், சில நேரம் டப்பென்று தெறிக்கும். இரும்பு, செம்பில் ரெடிமேடாக விற்கிற குண்டமானாலும் கீழே செங்கல் அடுக்கி, மணல் பரப்பி, அதன் மேல்தான். வரட்டியும் சமித்துக் குச்சிகளும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரமாக இருந்தால் எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். எதிரெதிர் ஜன்னல் இரண்டும் திறந்திருக்கட்டும். ஃபேன் வேண்டாம், பொறி பறக்கும். அடுப்பை அணைத்தால் மட்டும் போதாது, சிலிண்டரில் ரெகுலேட்டரையே மூடிவிடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தரையாகத்தான் பரவும். குண்டமும் தரையில்தான் இருக்கிறது.

உடுத்துகிற துணியை யாருமே யோசிப்பதில்லை. பருத்தியும் பற்றும், ஆனால் பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கடையில் சில்க் என்று சொல்லிக் கொடுப்பதும் பாலியஸ்டராக இருக்கலாம். என் மனைவியை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகச் சொன்னேன். நான் மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அதற்கும் கிண்டல்தான்.

நெய் விஷயம் வேறு. ஹோமத்துக்கு வாங்கிய நெய் முழுவதையும் தூக்குச்சட்டியோடு குண்டத்துப் பக்கத்தில் வைக்கிற பழக்கம் இருக்கிறதே, அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுக்க ஒரு ஆளைப் போடுங்கள். நான் போட்டிருந்தேன். ஹோமத்தை முடித்து வைக்கிற பூர்ணாகுதி நேரத்தில் அந்த ஆள் செல்போனில் வீடியோ எடுக்கப் போய்விட்டான். பட்டுத்துணி சுற்றிய கொப்பரையை உள்ளே விட்டு, ஐயர் கரண்டியால் நெய்யை வார்க்க, தீ இடுப்பு உயரத்துக்கு எழும்பியது. அதுவரை சரிதான், பூர்ணாகுதி என்றால் அப்படித்தான் இருக்கும். ஆனால் கீழே சிந்தியிருந்த நெய் வழியாகத் தீ ஓடி, கிண்ணம் பற்றிக்கொண்டது. என் சித்தப்பா மகன் பதறிப்போய்ச் சொம்புத் தண்ணீரைத் தூக்கினான். "ஊத்தாதடா!" என்று நான் கத்தியது நாலாவது மாடி வரை கேட்டதாம்.

எரிகிற நெய்யில் தண்ணீர் விட்டால், தண்ணீர் அடியில் இறங்கி ஒரே நொடியில் ஆவியாகும். ஆவி 1,600 மடங்குக்கு மேல் விரியும். நெய்யைத் தீயோடு சேர்த்து முகத்தில் அள்ளி வீசும். நான் வெற்றிலை பாக்கு வைத்திருந்த பித்தளைத் தாம்பாளத்தைக் கொட்டிவிட்டு அப்படியே கிண்ணத்தின் மேல் கவிழ்த்தேன். ஓரத்தில் புகை கொஞ்சம் கசிந்தது, அவ்வளவுதான். சுற்றி எரிந்ததை மணல் போட்டு மூடினோம். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. சித்தப்பா மகன் கையில் ஒரு சொட்டு நெய் தெறித்திருந்தது, பேஸ்ட் தடவ ஓடிய அத்தையைத் தடுத்து, குழாயடியில் இருபது நிமிடம் கையை நீட்டி வைத்திருக்கச் சொன்னேன்.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் ஹோமம் முடிந்த பிறகுதான். கொழுந்துவிட்டு எரியும்போது வீடே அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். தணலாகிவிட்டால் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விடுவோம். கிரகப்பிரவேசம் என்றால் அன்றிரவு அங்கேயே தங்க வேண்டும் என்பார்கள். ஜன்னலைச் சாத்தி, ஏசி போட்டு, ஹாலில் குண்டம் கனன்றுகொண்டிருக்க, குழந்தைகளோடு படுத்துவிடுவார்கள். தணலில் இருந்து வருகிற கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம், தூக்கம், அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார்கள். "தணலை அணைக்கக் கூடாது, எடுக்கவும் கூடாது" என்று பெரியப்பா ஆரம்பித்தார். நான் ஐயரிடமே கேட்டேன். "யதாஸ்தானம் பண்ணியாச்சு. இனிமே வெறும் தணல்தான், தாராளமா எடுத்துண்டு போங்கோ" என்றார். யதாஸ்தானம் என்றால் வரவழைத்த சாமியை அவர் இடத்துக்கே அனுப்பி வைப்பது. இரும்புச் சட்டியில் அள்ளி மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், மணலைப் போட்டு மூடி வைத்தோம். நெற்றியில் இட்டுக்கொள்கிற ரட்சைக்குச் சாம்பலை மறுநாள் ஆறிய பிறகு எடுத்துக்கொண்டோம். சாஸ்திரம் தெரிந்தவர்கள் வேறு மாதிரி சொன்னால் உங்கள் வாத்தியாரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். ஹோமப் புகை வரும் என்று எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் என்னை எழுத்தில் அனுமதி கேட்க வைத்தார். கேட்டேன், தப்பில்லை. ஆனால் தீயணைப்பு வண்டி உள்ளே வரவேண்டிய வழியில் குறுக்கே நிற்பது அவருடைய கார். மாடிப்படி முழுக்கச் செருப்பு ஸ்டாண்டு, பழைய சைக்கிள், யாரோ ஒருவர் வீட்டு வாஷிங் மெஷின் அட்டைப்பெட்டி. இரண்டாவது மாடித் தீயணைப்பானைக் கதவு அடைக்காமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள், தேதி எப்போதோ முடிந்துவிட்டது. 101-க்குப் போன் போட்டு வண்டி வந்தாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான். இதையும் எழுத்தில்தான் கொடுத்தேன். என் ஹோமத்துக்கு அன்று மாலையே கையெழுத்துப் போட்டவர், இதற்கு இன்றுவரை போடவில்லை.