வான் வண்டிக்குள் குளிர் காய: காஸா, மின்சாரமா?

யாழ்ப்பாணத்தில் வான்களுக்கு மின்னிணைப்பும் காஸ் வேலையும் செய்யும் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கொக்குவிலிலிருந்து: அண்ணா, தை மாதம் குடும்பத்தோடு நுவரெலியா போகிறோம். ஹயஸ் வானுக்குள்ளேயே படுக்கை போட்டிருக்கிறோம். குளிருக்கு எந்த ஹீற்றர் நல்லது?

பதில்: வானை எங்கே நிறுத்தப் போகிறீர்கள்? விடுதி முற்றத்தில் பிளக் கிடைக்கும் என்றால் மின்சாரம்தான், யோசிக்கவே வேண்டாம். 1000 வோட்ஸ் ஹீற்றர் எட்டு மணி நேரம் ஓடினாலும் எட்டு அலகு (யூனிட்) மின்சாரம்தான். விடுதிக்காரரிடம் முன்பே பேசிக் காசைக் கொடுத்துவிடுங்கள். ஒன்று மட்டும்: எக்ஸ்டென்ஷன் வயரை முழுவதும் விரித்துப் போடுங்கள். சுருளோடு விட்டால் உள்சுற்று சூடேறி உறை இளகிவிடும்.

அவரே: பிளக் இல்லாவிட்டால்? 12 வோல்ற், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பற்றரி இருக்கிறது.

பதில்: அதில் இருப்பது ஏறக்குறைய 1.2 அலகு. அந்த ஹீற்றரை ஒரு மணி நேரம் தாங்கும், பிறகு விடிய விடிய நடுக்கம்தான். ஒரு கிலோ காஸிலோ 13 அலகுக்குக் கிட்டிய வெப்பம் இருக்கிறது. பிளக் இல்லாத இடத்தில் காஸை நாடுவது இதனால்தான்.

சாவகச்சேரியிலிருந்து: அப்படியென்றால் சமையல் அடுப்பையே சின்னதாக எரியவிட்டுப் படுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது தம்பி. மூடிய வானுக்குள் அடுப்பு எரிந்தால் காற்றில் ஒட்சிசன் குறையும், காபன் மொனொக்சைட்டு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை; தூங்குகிறவர் எழும்பமாட்டார். உயிர் தப்பினாலும் ஈரம் விடாது. ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரை லீற்றருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிவரும். விடியற்காலையில் கண்ணாடி வழிந்து மெத்தை ஓரம் நனைந்து கிடக்கும்.

காஸ்தான் வேண்டுமென்றால், காற்றை வெளியிலிருந்து எடுத்துப் புகையையும் வெளியே தள்ளும் மூடிய ஹீற்றரைப் பூட்டுங்கள். காபன் மொனொக்சைட்டு அலாரமும் அவசியம். காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே சிலிண்டர் பெட்டியின் துளை அடியில் இருக்க வேண்டும். மேலே துளைத்துவிட்டுப் பெருமைப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பருத்தித்துறையிலிருந்து: என் வான் யாழ்ப்பாணம் தாண்டுவதில்லை. ஹீற்றர் தேவையா?

பதில்: மின்விசிறி வாங்குங்கள்.

ரொறன்ரோவிலிருந்து, சொந்த ஊர் நீர்வேலி: எங்கள் ஆர்.வி.யில் (தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) புரொப்பேன் காஸில் ஓடும் ஃபர்னஸ், அதாவது சூட்டுக் காற்று ஊதும் ஹீற்றர், இருக்கிறது. வண்டிகள் தங்கும் முகாமில் 30 ஆம்பியர் மின்னிணைப்பு. நவம்பரில் எதை ஓட்டுவது?

பதில்: உங்களுக்கு 120 வோல்ற், ஆகக்கூடியது 3600 வோட்ஸ். 1500 வோட்ஸ் ஹீற்றர் ஒன்றே 12.5 ஆம்பியர் இழுக்கும். இரண்டைப் போட்டுவிட்டு மைக்ரோவேவையும் தட்டினால் பிரேக்கர் விழும். மெல்லிய குளிருக்கு ஒரு ஹீற்றர் போதும், முகாம் கட்டணத்திலேயே மின்சாரம் அடங்கினால் காஸ் மிச்சம். உறைநிலைக்குக் கீழே போனால் ஃபர்னஸை ஓட்டுங்கள். பல வண்டிகளில் அதன் சூட்டுக் காற்றுத்தான் தரைக்கடியில் உள்ள தண்ணீர்க் குழாய்களையும் காக்கிறது. மின் ஹீற்றர் உங்கள் காலை மட்டும் காய்ச்சும். புரொப்பேன் −42 பாகை செல்சியஸ்வரை ஆவியாகும் என்பதால் கனடாக் குளிரிலும் வேலை செய்யும். ஆனால் ஃபர்னஸின் விசிறி 12 வோல்ற் பற்றரியில் சுழல்வது. காஸ் நிறைய இருந்தும் பற்றரி இறங்கினால் அது நின்றுவிடும். புறப்படுமுன் பற்றரியைச் சோதித்துவிடுங்கள்.