பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள்: கேட்டதும் சொன்னதும்

பிலிப்பைன்ஸ்காரர்கள் பிழைப்புக்காக வெளிநாடு போவதையும், போன இடத்தில் சங்கம் கட்டுவதையும் பல வருடமாக ஆய்வு செய்கிறேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: மேடம், ஊரில் வேலை இல்லை, அதனால் போகிறார்கள். இதில் ஆராய என்ன இருக்கிறது?

பதில்: வறுமை உண்மைதான். ஆனால் ஏழை நாடுகள் எல்லாம் இப்படி ஆள் அனுப்புவதில்லை. 1974-இல் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் ஆட்சியில் வந்த தொழிலாளர் சட்டம், ஆள் அனுப்புவதையே அரசின் வேலையாக்கியது. எண்ணெய்ப் பணத்தில் வளைகுடா நாடுகள் கட்டடம் கட்டத் தொடங்கிய நேரம் அது. 1982-இல் இதற்கென்றே தனி நிர்வாகம் வந்தது. சமூகவியலாளர் ராபின் ரோட்ரிகஸ் 2010-இல் எழுதிய நூலில் அந்த அரசையே தரகர் என்கிறார். அதைப் படித்த பிறகுதான், போகிறவர்களை மட்டும் பேட்டி எடுத்துக்கொண்டிருந்த நான் அனுப்புகிறவர்களின் கோப்புகளையும் தேட ஆரம்பித்தேன். தயவுசெய்து ‘தலையெழுத்து’ என்று எழுதாதீர்கள். இதற்குப் பின்னால் சட்டமும் கையெழுத்தும் இருக்கின்றன.

கேள்வி: ஹாங்காங் வேலைக்கு நல்ல ஏஜென்ட் சொல்லுங்களேன்?

பதில்: அது என் துறை இல்லை. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள்.

கேள்வி: ஹாங்காங்கில் வீட்டு வேலைக்குப் போய், ஆளுக்கொரு வீட்டுக்குள் அடைந்திருக்கும் பிலிப்பைன்ஸ் பெண்கள் எப்படிச் சங்கமாகச் சேர்ந்தார்கள்?

பதில்: ஞாயிற்றுக்கிழமையால். ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதியில், வாரம் ஒருநாள் விடுமுறையில் ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். 1982-இல் மார்கோஸ், சம்பளத்தில் பெரும்பங்கை வங்கி வழியாகவே ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று ஆணையிட்டார். வீட்டு வேலை செய்பவர்களுக்குப் பாதிச் சம்பளம், கப்பல் தொழிலாளிக்கு 80 சதவீதம். மீறினால் பாஸ்போர்ட் புதுப்பிக்கப்படாது. அந்தப் பெண்கள் கூட்டணி கட்டி எதிர்த்தார்கள். 1985-இல் தண்டனைப் பிரிவுகள் கைவிடப்பட்டன. அந்தப் போராட்டத்தில் பிறந்த, ஹாங்காங் பிலிப்பைன்ஸ்காரர்களின் கூட்டமைப்புதான் யூனிஃபில்.

கேள்வி: அரசே அவர்களைப் ‘புதிய நாயகர்கள்’ என்கிறதே, பெருமைதானே?

பதில்: அந்தச் சொல்லில் எச்சரிக்கையாக இருங்கள். நாயகர் என்று சொல்லிவிட்டால் பாதுகாப்பு தரவேண்டிய கடமை மறந்துபோகும். 1995 மார்ச்சில் ஃப்ளோர் கான்டெம்பிளாசியன் என்ற பணிப்பெண்ணைச் சிங்கப்பூர் தூக்கிலிட்டது. மக்கள் கொதித்தெழுந்த பிறகுதான், அந்த ஜூனில், வெளிநாட்டுத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

கேள்வி: கனடாவுக்கு ஏஜென்ட்…

பதில்: மேலே சொல்லிவிட்டேன். இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுதமாட்டேன்.

கேள்வி: கலிபோர்னியா திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம் தொழிற்சங்கத் தலைவர் செசார் சாவேஸ் ஆரம்பித்ததுதானே?

பதில்: இல்லை. 1965 செப்டம்பர் 8-இல் டெலானோவில் தோட்டத்தைவிட்டு வெளியேறியவர்கள் லாரி இட்லியாங் தலைமையிலான பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள். மெக்சிகோக்காரர்கள் நிறைந்த சாவேஸின் சங்கம் சேர்ந்தது 16-ஆம் தேதி.

கேள்வி (அதே நண்பர்): எட்டு நாள் வித்தியாசத்துக்கு இவ்வளவு வாதமா? பெரும்பான்மை மெக்சிகோக்காரர்கள்தானே?

பதில்: ஆமாம், அவர்கள் சேராமல் வெற்றி கிடைத்திருக்காது. ஆனால் அந்த எட்டு நாளில் வேலையையும் முகாமில் படுக்கும் இடத்தையும் பணயம் வைத்தவர்கள் யார்? அந்தப் பிலிப்பைன்ஸ்காரர்களில் பலர் 1920-களில் இளைஞர்களாக வந்தவர்கள். வெள்ளைப் பெண்ணை மணக்கக் கலிபோர்னியாவில் தடை. 1934-க்குப் பிறகு வருடத்துக்கு 50 பேருக்கு மட்டுமே அமெரிக்காவில் குடியேற அனுமதி. குடும்பம் இல்லாமலே முதுமையடைந்தவர்கள். ‘மனோங்’, அதாவது அண்ணன், என்று மரியாதையாக அழைப்பார்கள். 1970-இல் தோட்ட முதலாளிகளுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1974-இல் டெலானோவில் அவர்களுக்காகச் சங்கம் கட்டிய முதியோர் குடியிருப்புக்கு அக்பயானி கிராமம் என்று பெயர்.