‘ஃபைனல் ஃபேன்டஸி: தி ஸ்பிரிட்ஸ் விதின்’ படம் கேம் ரசிகர்களிடமே ஏன் எடுபடவில்லை?

எங்கள் ஹாஸ்டலில் பிளேஸ்டேஷன் வைத்திருந்தவன் ஒரே ஒருத்தன்தான். ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ விளையாட்டை இரண்டு தடவை முடித்தவன். அந்த ஜப்பானிய வீடியோ கேம் வரிசையின் பெயரில், மனிதர்களையும் கம்ப்யூட்டரிலேயே உருவாக்கி 2001-இல் வந்த இந்தப் படத்தின் சிடி கைக்குக் கிடைத்ததும் எங்களையெல்லாம் கூட்டி உட்கார வைத்தான். அரை மணி நேரத்தில் அவனே, “டேய், இதுல கேம் எங்கடா இருக்கு?” என்றான்.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. வாள் இல்லை, மந்திரம் இல்லை, ஏறிப் போகும் சொக்கோபோ பறவை இல்லை. 2065-ஆம் ஆண்டு பூமி, பேய் மாதிரி ஊடுருவும் வேற்றுலக உருவங்கள், துப்பாக்கி தூக்கிய ராணுவக் குழு. பழைய வாசனை என்று பார்த்தால், கேம்களில் திரும்பத் திரும்ப வரும் சிட் என்ற பெயர் ஒன்றுதான். ஆனால் படத்தை இயக்கிய ஹிரோனோபு சகாகுச்சிதான் அந்த கேம் வரிசையையே உருவாக்கியவர். அந்த கேம்களிலும் எண் மாறினால் உலகமும் ஆட்களும் புதிதாகத்தான் வருவார்கள். அதனால் ரசிகர்கள் ‘துரோகம்’ என்று குதித்ததெல்லாம் கொஞ்சம் ஓவர்.

கேம் தெரியாமல் பார்த்தவர்களுக்கு வேறு பிரச்சினை. கதாநாயகி ஆகி ராஸின் தலையில் மட்டும் 60,000 முடி, ஒவ்வொன்றும் தனியாக அசையும். அதைப் பார்த்து வாயைப் பிளந்தவர்கள் உண்டு. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நாலுக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார். நடிகர்களுக்கு இனி வேலை போய்விடுமோ என்றுகூடப் பேச்சு எழுந்தது. ஆனால் அவள் வாயைத் திறந்து பேசியதும் எங்கள் அறையில் ஒருத்தன், “பொணம் எழுந்து பேசுற மாதிரி இருக்குடா” என்றான். மனித உருவம் அச்சு அசலாக நெருங்கி, கடைசி ஒரு நூலிழையில் தவறினால் பார்ப்பவருக்கு ஒவ்வாமை வரும் என்று ஜப்பானியப் பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970-லேயே எழுதியிருக்கிறார். அவர் ரோபோக்களைப் பற்றிச் சொன்னது இங்கே அப்படியே பலித்தது. அதே வருஷம் வந்த ‘ஷ்ரெக்’ கார்ட்டூன் படத்து பூதத்தின் பச்சை மூஞ்சியை யாரும் குறை சொல்லவில்லையே!

வசூலும் கைகொடுக்கவில்லை. சுமார் 13.7 கோடி டாலர் செலவு, உலகம் முழுக்க வந்தது 8.5 கோடி சொச்சம். படத்தை உருவாக்கிய, ஹவாயில் இருந்த ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள்.

என் கணக்கில் அசல் கோளாறு வேறு. படத்தின் நடுவில், தப்பி ஓடும்போது ஆகியின் கூட்டாளிகள் மூன்று பேர் அடுத்தடுத்துச் சாகிறார்கள். எங்கள் அறையில் ஒருத்தருக்கும் ‘உச்’ கொட்டக்கூடத் தோன்றவில்லை. அவர்களோடு நாங்கள் இருந்ததே ஒரு மணி நேரம்தான். ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’-இல் ஏரித் என்ற பெண் சாவாள். கட்டை கட்டையான கை, குரலே கிடையாது, வசனமெல்லாம் எழுத்தில்தான் ஓடும். ஆனால் அதற்குள் அவளோடு பல நாள் ஊர் ஊராகச் சுற்றி, அவளுக்கு ஆயுதம் வாங்கிக் கொடுத்து, சண்டையில் அவள் கையால் உயிர் பிழைத்திருப்போம். அந்த இடம் வந்தபோது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டதாக அந்த பிளேஸ்டேஷன் நண்பன் சொல்வான்.

2005-இல் அதே ஏழாம் பாகத்தின் ஆட்களை வைத்து ‘அட்வென்ட் சில்ட்ரன்’ என்ற படம் வந்தது. கேம் ஆடாதவனுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. என் நண்பன் மூன்று தடவை பார்த்தான்.