பள்ளிக் கட்டடத்தின் வடிவமைப்பு மாணவர்களின் கற்றலைப் பாதிக்குமா?

பாதிக்கும். கல்விக் கட்டட வடிவமைப்பு என்பது வெளித்தோற்றத்தை மட்டும் குறிப்பதன்று. ஒளி, காற்று, ஒலி, நடமாட்டம் ஆகியவை ஓரிடத்தில் எவ்வாறு அமைய வேண்டும் என்று கட்டுவதற்கு முன்பே எடுக்கப்படும் முடிவுகளின் தொகுப்பு அது.

இவற்றுள் மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவது ஒலி என்பேன். நியூயார்க்கில் உயர்மட்ட ரயில்பாதையை ஒட்டியிருந்த ஒரு பள்ளியை ஆராய்ந்து, உளவியலாளர் ஆர்லைன் பிரான்சாஃப்ட் 1975-இல் சக ஆய்வாளருடன் வெளியிட்ட முடிவுகளின்படி, தண்டவாளப் பக்க வகுப்பறைகளில் பயின்றவர்கள், அதே கட்டடத்தின் அமைதியான பக்கத்தில் பயின்றவர்களைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தனர். தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகளும் வகுப்பறைகளில் ஒலியை உறிஞ்சும் கூரைத் தட்டிகளும் பொருத்தப்பட்ட பின்னர் அந்த வேறுபாடு மறைந்தது. பிள்ளைகளின் திறமையில் குறையில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இதன் காரணம் எளியது. இரைச்சல் ஆசிரியரின் சொற்களை விழுங்குகிறது; வெற்றுச் சுவர்களில் பட்டுத் திரும்பும் குரலோ அடுத்த சொல்லின்மேல் விழுகிறது. கரும்பலகையை அழிக்காமல் அதன்மேலேயே மீண்டும் எழுதுவதைப் போன்றது இது. விடுபட்ட சொல்லைப் பெரியவர்கள் ஊகித்து நிரப்பிக்கொள்வார்கள். சொல்வளம் இன்னும் வளர்ந்துவரும் குழந்தைக்கு அது கடினம்.

ஒலியைத் தாண்டி, நல்ல வடிவமைப்பால் சமூகத்துக்கும் பயனுண்டு: நூலகத்துக்கும் திடலுக்கும் தனி வாயில் அமைத்தால், வகுப்பறைகளைப் பூட்டிய பிறகும் அக்கம்பக்கத்தார் அவற்றைப் பயன்படுத்தலாம்.

நல்ல வடிவமைப்புக்குப் பெருஞ்செலவாகும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் வகுப்பறைகளைச் சாலையிலிருந்து விலக்கி, மாடிப்படியையும் சேமிப்பறையையும் இரைச்சல் வரும் பக்கத்தில் வைப்பது பெரும்பாலும் வரைபடத்தில் செய்யும் மாற்றம்தான்.