சட்டம் கேளுங்கள்: தன்பாலின இணையரும் மண்டல அலுவலகமும்

கேள்வி: நானும் என் இணையும் பழைய வண்ணாரப்பேட்டையில் ஆறு ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழ்கிறோம், இருவரும் பெண்கள். நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டோம். அதைப் பதியப் போன சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கையில்கூட வாங்கவில்லை. அண்மையில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, கையெழுத்துக்கு ரத்த உறவுதான் வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டதால், பேச்சே இல்லாத அவருடைய அண்ணனை அழைக்க வேண்டியதாயிற்று. கொருக்குப்பேட்டையில் அவர் பெயரில் ஒரு சிறு வீடும் இருக்கிறது. சில வெளிநாடுகளில் நகராட்சியே சான்று தருகிறதாமே, நம் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் அப்படிக் கேட்க முடியாதா? ரேஷன் கார்டிலாவது ஒன்றாக இருக்க முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை-21

பதில்: மண்டல அலுவலகத்தால் முடியாது, சகோதரி. மாநகராட்சி பதிவது பிறப்பையும் இறப்பையும்தான். திருமணப் பதிவு மாநிலப் பதிவுத் துறையின் பொறுப்பு. நீங்கள் கேள்விப்பட்ட செய்தி உண்மையே. டோக்கியோவின் ஷிபுயா, செடாகயா ஆகிய வட்டாரங்கள் 2015-ஆம் ஆண்டிலேயே தன்பாலின இணையருக்குச் சான்று வழங்கத் தொடங்கின; ஆனால் அந்தச் சான்று திருமணம் ஆகாது, சொத்துரிமையையும் தராது. தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் மாவட்ட அலுவலகங்களிலேயே இத்தகைய திருமணங்களைப் பதிகிறார்கள் என்றால், அதற்கு முன்பே அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திவிட்டது என்பதுதான் காரணம்.

இங்கே அந்தத் திருத்தம் வரவில்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்று ஒருமனதாகவும், தன்பாலின இணைவுக்குத் திருமணமல்லாத வேறொரு சட்டத் தகுதியை நீதிமன்றமே உருவாக்க இயலாது என்று மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையிலும் தீர்ப்பளித்தது. மறு ஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. திருநங்கை ஒருவரும் ஆண் ஒருவரும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிய வேண்டும் என்று மதுரைக் கிளை 2019-இல் சொன்ன தீர்ப்பு இன்றும் நிற்கிறது என்றாலும், அது உங்கள் இருவருக்கும் உதவாது. ஆகவே சார்பதிவாளர் மறுத்ததில் சட்டப் பிழை இல்லை. விண்ணப்பத்தைக் கையில்கூட வாங்காத முறைதான் பிழை.

இனி, திருமணச் சான்று கேட்காத இடங்களைப் பார்ப்போம். அவை நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

மருத்துவமனையில் உங்களுக்குச் சொன்னது சட்டம் அல்ல, வழக்கம். வயது வந்த, நினைவோடு இருக்கும் நோயாளியின் சிகிச்சைக்கு அவருடைய ஒப்புதலே வேண்டும். நோயாளி மயக்க மருந்தின் பிடியில் இருந்தபோது தாயிடம் வாங்கிய ஒப்புதல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் இணை தன் கையாலேயே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டிருக்கலாம். அண்ணன் வந்திருக்கவே வேண்டியதில்லை. அடுத்த முறை சேர்க்கையின்போதே, தன் நிலைமையை யாரிடம் தெரிவிக்க வேண்டும், தான் பேச முடியாத நிலையில் யாரைக் கேட்க வேண்டும் என்பதை அவர் ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ளட்டும். மனநலச் சிகிச்சைக்கு இன்னும் உறுதியான ஏற்பாடு உண்டு: 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, உறவினர் அல்லாத ஒருவரையும் பிரதிநிதியாக எழுத்து மூலம் நியமிக்க இடம் தருகிறது.

எனக்கு உண்மையில் கவலை தருவது கொருக்குப்பேட்டை வீடுதான். அவர் உயில் எழுதாமல் இறந்துபோனால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது பெற்றோருக்கும், அவர்கள் இல்லையெனில் தந்தைவழி வாரிசுகளுக்கும், அதாவது பேச்சில்லாத அந்த அண்ணனுக்கும் போகும். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இடம்பெறாது. இதற்கு மருந்து உயில். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதினால் போதும், பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் உங்கள் விஷயத்தில் பதிந்தே தீர வேண்டும் என்பேன். உங்கள் திருமணத்தைப் பதிய மறுத்த அதே அலுவலகம் இந்த உயிலை மறுக்காமல் பதியும் என்பது நம் சட்டத்தின் வேடிக்கைகளில் ஒன்று. பின்னாளில் சொத்து வரியைப் பெயர் மாற்ற மண்டல அலுவலகத்துக்குப் போகும்போதுதான் அந்தப் பத்திரத்தின் அருமை தெரியும். இப்போதே தான செட்டில்மென்ட் எழுதலாம் என்று யாராவது யோசனை சொன்னால் பொறுங்கள். குடும்பத்தினருக்கான முத்திரைத் தீர்வைச் சலுகை உங்களுக்குக் கிடைக்காது, செலவு பல மடங்காகும். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாக்கவும் தடை இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டிலேயே தெளிவுபடுத்திவிட்டது.

இத்தனை பத்திரங்களும் சேர்ந்தாலும் ஒரே ஒரு திருமணச் சான்றுக்கு ஈடாகாது என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த ஒரு தாள் இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். உங்களையோ ஒவ்வொரு மேசையிலும் கேட்பார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதத்தில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று கூறியிருக்கிறது. ஆனால் அது பெற்றோரால் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணை விடுவித்த ஆட்கொணர்வு வழக்கு. அண்ணன் தரப்பிலிருந்து மிரட்டல் வந்தால் அத்தீர்ப்பு உங்களுக்கு அரண். ரேஷன் கார்டுக்கு அதுவே உத்தரவாகிவிடாது.

ரேஷன் கார்டுக்குத் தனி வழி இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் அமைந்த குழுவின் பணியை ஒட்டி, இத்தகைய இணையரை ஒரே வீட்டினராகக் கொள்ள வேண்டும் என்று மத்திய உணவுத் துறை 2024-இல் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. முதலில் இருவரும் பிறந்த வீட்டுக் கார்டுகளிலிருந்து பெயர் நீக்கிக்கொள்ளுங்கள். பிறகு புதிய கார்டுக்கு விண்ணப்பித்து, ஆதார், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றோடு மத்திய அரசின் அந்தக் கடிதத்தின் நகலையும் இணைத்து, உங்கள் மண்டல உணவுப் பொருள் வழங்கல் உதவி ஆணையரிடம் தனி மனுவாகவும் கொடுங்கள். களவிசாரணைக்கு வருபவரிடம் தோழிகள் என்றோ அக்கா தங்கை என்றோ சொல்லிச் சமாளிக்க வேண்டாம். அந்தப் பொய் பிறகு உங்களுக்கு எதிராகவே நிற்கும். மறுத்தால், காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாய்மொழி மறுப்பை எதிர்த்து வழக்காடுவது கடினம். எழுத்தில் வந்த மறுப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அதற்கு வழக்கறிஞர் கட்டணம் கொடுக்க முடியாவிட்டாலும் தயங்காதீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு.